பராமரிப்பின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது?

படுத்த படுக்கையான வாப்பாவையோ உம்மாவையோ பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால், நாம் முதலில் பார்ப்பது கட்டடத்தைத்தான். அது மட்டும் போதுமா?

மருத்துவப் பணியின் தரத்தை ஆராய்ந்த அவேடிஸ் டொனபீடியன் 1966இல் மூன்று அளவுகோல்களை எடுத்துச் சொன்னார். அவை கட்டமைப்பு, செயல்முறை, விளைவு. காற்று மெத்தை இருப்பது கட்டமைப்பு. நேரம் பார்த்துப் புரட்டிப் படுக்கவைப்பது செயல்முறை. படுக்கைப் புண் வராதிருப்பது விளைவு. மெத்தை இருந்தும் புரட்ட ஆளில்லையென்றால் புண் வரக்கூடும்.

அமெரிக்காவின் அனுபவம் நமக்குப் பாடமாகும். 1980களின் இறுதியில் அங்குள்ள இல்லங்களில் ஏறத்தாழ 40 சதவீத முதியோர் கட்டிலிலோ நாற்காலியிலோ கட்டிவைக்கப்பட்டிருந்தனர். விழுந்துவிடாமல் காப்பதாகக் காரணம் சொல்லப்பட்டது. ஊழியர் வசதிக்காகவோ தண்டனையாகவோ எவரையும் கட்டக் கூடாது என்றும், ஒவ்வொருவரின் நிலையையும் முறையாக மதிப்பிட்டுப் பதிய வேண்டும் என்றும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எண்ணத் தொடங்கியபின் குறைக்கவும் முடிந்தது. பிற்காலத்தில் அது 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஆனால் கட்டாமலும் ஒருவரை முடக்க முடியும். மறதி நோயாளிகளை அமைதிப்படுத்த மனநோய் மாத்திரைகள் தரப்பட்டன. அதைக் குறைக்க 2012இல் நாடளாவிய முயற்சி தொடங்கியது. மாத்திரை பெறுவோரின் விகிதம் இல்லம்வாரியாக வெளியிடப்பட்டது. மனச்சிதைவு நோயாளிகளுக்கு அம்மருந்து தேவை என்பதால் அவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. சில இல்லங்கள் தக்க ஆதாரமின்றியே முதியோருக்கு மனச்சிதைவு என்று எழுதிவைத்தன. ஏட்டில் விகிதம் குறைந்தது, மாத்திரை குறையவில்லை. எனவே 2023 முதல் அப்பதிவுகளை அரசு தணிக்கை செய்கிறது. தவறு கண்டால் அந்த இல்லத்தின் தர மதிப்பைக் குறைக்கிறது.

ஆகவே அளவீடு அவசியம். அதைச் சரிபார்க்கும் கண்ணும் அவசியம். அந்தக் கண் பெரும்பாலும் குடும்பத்தாருடையதே. இல்லத்துக்குப் போகும்போது சிலவற்றைக் கேட்போம்: இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஊழியர்? போன மாதத்தைவிட எடை குறைந்திருக்கிறதா? முதுகிலும் குதிகாலிலும் புண் உண்டா? புதிதாகச் சேர்ந்த மாத்திரை எது, எதற்காக?

பிறகு ஊழியர் அருகில் இல்லாத நேரத்தில், படுத்திருப்பவரிடமே கேட்போம்: "அழைத்தால் வருகிறார்களா?"