வயதான தெருநாயை வீட்டில் பழக்க

கோலார் தங்கவயலில் 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு, மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் மீட்டு வந்த வயதான நாயை முதலில் பழக்க வேண்டியது தனிமைக்குத்தான். வந்த மறுநாளே பகல் முழுக்கப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். ஐந்து நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள்; பிறகு பத்து, அப்புறம் அரை மணி. கிளம்பும்போது கொஞ்சல் வேண்டாம்.

அங்கே வரிசையாக ஒட்டியிருக்கும் லைன் வீடுகளில் ஒரே சுவர்தான் இரண்டு குடும்பத்துக்கும். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தாலும் நாய் குரைக்கும். அடித்தால் பயம்தான் கூடும், பாவம். குரைப்பு நின்ற அந்த நொடியிலேயே, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது.

கூப்பிட்டும் திரும்பவில்லையா? பிடிவாதம் என்று முடிவு கட்டாதீர்கள், காது மந்தமாகியிருக்கலாம். கைச்சைகையில் பழக்குங்கள். உட்காரத் தயங்கினால் மூட்டுவலியாக இருக்கும், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்த நாய். அப்படியிருந்தாலும் வெறிநாய்த் தடுப்பூசியை வருஷா வருஷம் போட்டே ஆக வேண்டும்.