மாத்திரை படுத்தும் பாடு

கம்பம்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் ஏலப்பாறை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டிலிருந்து சுக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்பார்கள். இது நம் இருவருக்குள் இருக்க வேண்டிய பேச்சு. அதனால்தான் கடிதம்.

மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து கொல்லைப்பக்கம் போய்த் துப்புகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். உன் அப்பா தினமும் அட்டையை எடுத்து எண்ணுகிறானாம். உடம்பு ஊதிவிட்டது, கை விறைக்கிறது, ராத்திரி உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை, மாதவிலக்கும் நின்றுவிட்டது. இத்தனையும் வைத்துக்கொண்டு, போன தடவை டாக்டர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு ‘சுகந்தான்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். துப்பியதைக்கூட விடு தாயி, அந்தச் ‘சுகந்தான்’தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் டீச்சராக இருந்தபோது எனக்கும் இதே மனநோய் வந்தது உனக்குத் தெரியும். நோயைப் பற்றி நம் வீட்டில் ஜாடைமாடையாகவாவது பேசியிருப்பார்கள். மருந்து என்ன செய்தது என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன், கேள்.

அன்றைக்கு எனக்குக் கொடுத்தது ஹாலோபெரிடால். ஆரம்பித்த முதல் வாரமே ஒரு சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண் இரண்டும் மேலே செருகி அங்கேயே நின்றுவிட்டன. நாக்கு தடித்து, பேச்சு குழறியது. லயத்தில் கூட்டம் கூடிவிட்டது. காத்துச்சேட்டை என்று ஒருத்தர் சொல்ல, பூசாரியைக் கூப்பிட ஆள் ஓடியது. எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் விவரம் தெரிந்தவர். டாக்டரிடம் கேட்டுப் புரோமெதசின் ஊசி ஒன்று போட்டார். அரை மணிக்குள் கழுத்து நேராகிவிட்டது. பூசாரி வந்து சேர்ந்தபோது நான் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தேன். இதை டிஸ்டோனியா என்பார்கள். சின்ன வயசுக்காரர்களுக்கு, மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில் வருவது.

அதைவிடக் கொடுமை அடுத்து வந்தது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே எழுந்து நடப்பேன். விடிய விடிய வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் போய்ச் சொல்ல, மருந்தின் அளவு கூடியது, நடையும் கூடியது. நோயின் பதற்றமும் மருந்து தரும் தவிப்பும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். உள்ளே இருப்பவர் வாயைத் திறந்தால்தான் வித்தியாசம் புரியும். இதற்கு அகாதீசியா என்று பெயர். அளவைக் குறைத்தாலோ, வேறு மருந்துக்கு மாற்றினாலோ, புரோப்ரனலால் போன்ற ஒன்றைச் சேர்த்தாலோ பெரும்பாலும் அடங்கும். உன் ராத்திரித் தவிப்பும் இதுவாக இருக்கலாம். இந்தத் தவிப்பு சிலரைச் செத்துப்போகலாமா என்று நினைக்கும் அளவுக்குத் தள்ளும். அப்படி ஒரு நினைப்பு தலைகாட்டினால் மாதாந்திர கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதே. அன்றைக்கே அம்மாவை எழுப்பு, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 14416-க்குப் போன் போட்டால் இராப்பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 2022-லிருந்து மத்திய அரசு நடத்தும் டெலிமானஸ் எண் அது.

மூன்றாவது, என் கையெழுத்து. கரும்பலகையில் வரி தொடங்கும்போது எழுத்து பெரிதாக இருக்கும், முடிவதற்குள் சுருங்கிவிடும். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் ‘டீச்சர், தெரியலை’ என்று கத்தின. நடையும் குறுகி, முகம் சிரிப்பை மறந்திருந்தது. பார்க்கின்சன் நோயில் வருகிற அதே விறைப்புதான், மருந்தால் வந்தது. இதற்கு டிரைஹெக்ஸிபெனிடில் கொடுப்பார்கள். அதுவும் சும்மா விடாது. வாய் உலரும், மலம் கட்டும், மறதி வரும். கடையில் நீயாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதே.

ஏன் ஒரு மாத்திரை இத்தனை இடத்தில் கை வைக்கிறது? மூளையில் டோபமின் என்று ஒரு ரசாயனம் உண்டு. இந்த மருந்துகள் பெரும்பாலும் அதன் வேலையைத் தடுப்பவை. இல்லாத குரல் கேட்பதும், ஊரே நம்மைப் பற்றிப் பேசுகிறது என்ற சந்தேகமும் அந்தத் தடையால் அடங்குகின்றன. ஆனால் கைகால் அசைவுக்கும் டோபமின்தான் வேண்டும். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டினை அடக்கி வைத்திருப்பதும் அதுதான். ஒரு லயத்தில் குழாய் ஒழுகுகிறதென்று எஸ்டேட்டின் மேல்தொட்டி வால்வை மூடினால் எல்லா லயத்துக்கும் தண்ணீர் நிற்குமே, அப்படித்தான் இதுவும். உனக்குக் கொடுத்திருக்கும் ரிஸ்பெரிடோன் புரோலாக்டினை அதிகமாக ஏற்றக்கூடியது. மாதவிலக்கு நின்றதற்கு அது காரணமாக இருக்கலாம். சிலருக்கு மார்பில் பால்கூடக் கசியும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். புரோலாக்டினை ஏற்றாத அரிபிப்ரசோல் போன்ற மருந்துகளும் உண்டு. கல்யாணப் பேச்சு நடக்கிற வயசில் மாதவிலக்கு நின்றால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்று பயந்துதானே யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாய்? டாக்டர் ஆணாக இருந்தால் சிஸ்டரிடம் சொல், போதும்.

இந்த டோபமின் விஷயமே பக்கவிளைவைக் கவனித்ததால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. நம் மேற்கு மலைக்காட்டில் வளரும் சர்ப்பகந்தி வேரை மனநோய்க்குக் கொடுப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931-ல் அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தார்கள். அது நோயை அடக்கியது, ஆளையும் சோர்த்து விறைக்க வைத்தது. ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் என்பவர் ரெசர்பைன் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, உடம்பில் டோபமினாக மாறும் எல்-டோபாவைச் செலுத்தினார். அவை எழுந்துகொண்டன. 1957-ல் வந்த அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து பிறந்தது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதே வகை மருந்தான குளோசபினின் கதையும் கேள். 1975-ல் பின்லாந்தில் அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ரத்த வெள்ளணுக்கள் சரிந்து 8 பேர் இறந்தார்கள். பல நாடுகள் அதைக் கைவிட்டன. ஆனால் வேறு எதற்கும் அடங்காத நோய் இதற்கு அடங்குகிறது என்று 1988-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மறு வருஷமே, ரத்தத்தைத் தவறாமல் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அங்கே அனுமதி கொடுத்தார்கள். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு இன்றும் பல நாடுகளில் முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்தம் பார்ப்பது வழக்கம். ஆளைக் கொன்ற மருந்து, கண் வைத்துப் பார்த்துக்கொண்டதால் ஆட்களைக் காப்பாற்றும் மருந்தாயிற்று. உன் விஷயத்தில் அந்தக் கண் உன்னிடம்தான் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை, சில நிமிஷம் பார்க்கிற டாக்டருக்கு ராத்திரி நீ நடப்பது எப்படித் தெரியும்?

மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் விடுகிறவள் நீ ஒருத்தி மட்டும் என்று நினைக்காதே. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,500 பேரை வைத்து நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு 74 பேர் 18 மாதம் முடிவதற்குள் கொடுத்த மருந்தை விட்டிருந்தார்கள் அல்லது மாற்றியிருந்தார்கள். மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். 65 ஆய்வுகளைச் சேர்த்து 2012-ல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்குப்படி, ஓரளவு தெளிந்த பிறகு மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 100-க்கு 27 பேருக்கு. நிறுத்தியவர்களில் 64 பேருக்கு. நிறுத்தியும் தப்பிய 36 பேர் இருக்கிறார்கள் என்று நீ சொல்வாய். வாஸ்தவம். ஆனால் அந்த 36-ல் நீ உண்டா என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. குறைக்க வேண்டுமென்றால் டாக்டரோடு பேசி, படிப்படியாக, வீட்டில் ஒருத்தர் கவனித்திருக்கக் குறைக்கலாம். எனக்கு அப்படித்தான் குறைத்தார்கள்.

இனி உன் வேலை. பழைய நோட்டு ஒன்றை எடு. மாத்திரை போட்ட நேரம், போட்ட பிறகு உடம்பு செய்தது, இரண்டையும் எழுது. ‘மனசு சரியில்லை’ என்று எழுதினால் மலையாளம் பேசும் டாக்டருக்கு ஒன்றும் போய்ச் சேராது. ‘அரை மணி நேர சீரியலை உட்கார்ந்து பார்க்க முடியவில்லை’, ‘கொழுந்து கிள்ள விரல் மடங்கவில்லை’, ‘மூன்று தட்டு சோறு தின்றும் பசிக்கிறது’ என்று எழுது. மாதம் ஒரு தடவை எடை பார். சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லிக் கேள். உதடோ நாக்கோ தானாக அசைவது போல யாராவது சொன்னால் உடனே குறித்துக்கொள். வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் அது, கவனிக்காமல் விட்டால் நிலைத்துவிடலாம். கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்து, நினைவு தடுமாறினால் நோட்டு, கிளினிக் எதுவும் பார்க்காதே. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேட்பது அதிகப்பிரசங்கம் ஆகாது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. கொடுக்கும் சிகிச்சையின் பக்கவிளைவுகளை, நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று அதன் 22-ஆம் பிரிவு சொல்கிறது. இடுக்கி மாவட்டத்தில் தமிழ் பேசும் உனக்கு அது தமிழில் கிடைக்க வேண்டும். மருந்து இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக வாயை மூடிக்கொண்டு வாங்கி வர வேண்டியதில்லை.

அடுத்த கிளினிக்குக்கு நானும் வருகிறேன். குமுளி ஏறி, குட்டிக்கானத்தில் பஸ் மாறி, முதல் நாளே வந்துவிடுவேன். அறைக்குள் நீயும் நானும் போவோம். உன் அப்பா வெளியே இருக்கட்டும், என் தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன். மாத்திரையை எண்ணுவதை விட்டுவிட்டு, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று உன்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். நோட்டை நீயே படி. மூன்று கேள்வி கேள். இந்தத் தொல்லை மருந்தாலா, நோயாலா? அளவைக் குறைக்கலாமா, மாற்றலாமா? எத்தனை நாள் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்?

எத்தனை நாள் துப்பினாய் என்பதையும் நோட்டில் எழுது. கூச்சப்படாதே. அது தெரியாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டுவார். நீ ஒருநாள் பயந்துபோய் கூட்டிய அளவு அத்தனையையும் விழுங்கினால் உடம்பு தாங்காது. நாளைக்கே சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவிடம் சொல்லி கிளினிக்குக்குப் போன் போடச் சொல். விட்ட மாத்திரையை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று அவர்கள் சொல்லட்டும். அவர்கள் சொன்னதையும் நோட்டில் எழுதி வை.

இப்படிக்கு,
உன் அத்தை