பழ ஈயின் குடலும் கலச் சமிக்ஞையும்

மாணவர்களே, கனிந்த மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் மொய்க்கும் மிகச் சிறிய ஈக்களை மட்டக்களப்பு வாவியோரத்து வீடுகளிலும் சந்தைகளிலும் கண்டிருப்பீர்கள். (மாங்காயைத் துளைத்து முட்டையிடும் பெரிய பழ ஈ வேறு.) இத்தகைய சிறிய ஈக்களுள் ஒன்றான துரோசோபிலா 100 ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படுகின்றது. 25 °C இல் அதன் முளையம் ஏறத்தாழ ஒரு நாளில் குடம்பியாக வெளிவரும்.

1. பிரச்சினை
முளையத்தின் கலங்கள் யாவும் ஒரே நுகத்திலிருந்து தோன்றியவை. ஒரே பரம்பரையலகுகளைக் கொண்டவை. அவ்வாறாயின் குடலின் ஒரு பகுதியில் மட்டும் அமிலம் சுரக்கும் கலங்கள் தோன்றுவது எவ்வாறு?

2. நிகழும் முறை
முளையத்தின் நடுக்குடலில் உட்படையும் அதனைச் சூழ்ந்த தசைப்படையும் உண்டு.
(அ) தசைப்படையின் நடுப்பகுதிக் கலங்கள் டிபிபி எனும் புரதத்தைச் சுரக்கும். இதுவே சமிக்ஞை.
(ஆ) அது அருகிலுள்ள உட்படைக் கலங்களின் மென்சவ்விலுள்ள வாங்கிகளுடன் இணையும்.
(இ) தூண்டப்பட்ட வாங்கிகள் கலத்தினுள்ளே உள்ள சில புரதங்களைத் தொழிற்படச் செய்யும். அவை கருவினுட் செல்லும்.
(ஈ) அங்கு லேபியல் எனும் பரம்பரையலகு தொழிற்படும். இதன் விளைவாகக் குடம்பியில் அமிலம் சுரக்கும் ‘செப்புக் கலங்கள்’ உருவாகும். இவற்றை எமது இரைப்பையில் அமிலம் சுரக்கும் கலங்களுடன் ஒப்பிடலாம்.

3. சான்று
1990 இல் மரியான் பீன்ஸ், பீற்றர் லோறன்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதனை விளக்கினர். தசைப்படையில் டிபிபி இல்லாத விகார முளையங்களின் உட்படையில் லேபியல் உரியவாறு தொழிற்படவில்லை. எனவே ஒரு படையின் சமிக்ஞை அடுத்த படையின் விருத்தியைத் தீர்மானிக்கின்றது.

4. மனிதனுடன் தொடர்பு
டிபிபியை ஒத்த புரதங்கள் எமது உடலிலும் உண்டு. அவற்றின் வாங்கியொன்றுக்குரிய பரம்பரையலகில் விகாரம் ஏற்பட்ட சிலருக்கு இளவயதிலேயே குடலில் சதைமுளைகள் தோன்றுகின்றன. குடற் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பும் கூடுகின்றது.

கவனிக்க: சமிக்ஞை கலத்துக்குப் புதிய பரம்பரையலகை வழங்குவதில்லை. ஏற்கெனவே உள்ளதையே தொழிற்படச் செய்கின்றது.

பயிற்சி வினா
ஒரு முளையத்தில் டிபிபி சுரக்கப்படுகின்றது. ஆனால் உட்படைக் கலங்களில் அதற்குரிய வாங்கிகள் இல்லை. லேபியல் தொழிற்படுமா? காரணம் தருக.

விடை: தொழிற்படாது. சமிக்ஞை இருப்பினும் அதனை ஏற்கும் வாங்கி இல்லாமையால் செய்தி கருவைச் சென்றடையாது.