பைக்கில் கடற்கரைப் பயணமா? கூடாரம் அடிக்கும் முன் கைபேசியைத் தயார் செய்யுங்கள்

மாசி பிறந்துவிட்டால் மழையும் ஓய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் உச்சிக்கு ஏறியிருக்காது. சென்னையில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை 700 கிலோமீட்டருக்கு மேல், நான்கைந்து நாள் பைக்கில் போக ஏற்ற காலம். வண்டி சர்வீஸ் ஆச்சு, கூடாரம் வாங்கியாச்சு. கைபேசி தயாரா?

முதலில் ஆவணங்கள். "லைசென்ஸ போட்டோ எடுத்து கேலரியில வச்சிருக்கேன் சார்" என்றால் அது செல்லாது. டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் காட்டும் உரிமமும் ஆர்.சி.யும் அசலுக்குச் சமம் என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டது. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் பயணத்தின் நடுவில் காலாவதி ஆகிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். கூகுள் மேப்பில் போகும் வழியை வீட்டு வைஃபையிலேயே பதிவிறக்கி வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளியை அது காட்டும்.

அடுத்து, ராத்திரி எங்கே படுப்பது? இதில்தான் பலர் யோசிக்காமல் இறங்கிவிடுகிறார்கள். மணலில் கூடாரம் அடிக்க ஆசைப்படும் இதே மாதங்களில்தான் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுகிறது. மாதத்தின் பெயரையே மீனவர்கள் அதற்கு வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! ஒரு குழியில் 100 முட்டைக்கு மேல் இருக்கும். பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் நகரும். உங்கள் விளக்கு எரிந்தால் கடலை விட்டு உங்கள் பக்கம் வரும். வனவிலங்குச் சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்பு பெற்ற உயிரினம் இது. ஆகவே மணல்வெளியை விட்டுவிட்டு, ஊருக்குள் அனுமதி கேட்டு, வீட்டு முற்றத்திலோ தென்னந்தோப்பிலோ கூடாரம் போடுங்கள். ஊர்ப் பெரியவரிடம் "ஐயா, ஒரு ராத்திரி தங்கிக்கட்டுமா?" என்று கேட்டால் முகம் சுளிப்பவர்கள் குறைவு. சவுக்குத் தோப்பு நிழலாக இருக்கிறதே என்று அங்கே அடுப்பு மூட்டாதீர்கள். சருகு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதி இல்லை. கோடியக்கரை சரணாலயத்துக்குள் போவதென்றால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

தெற்கே போகப் போக இன்னொரு ஆபத்து உண்டு. அதன் பெயர் கள்ளக்கடல். உள்ளூரில் காற்றே இருக்காது, வானமும் தெளிவாக இருக்கும். ஆனால் தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை இங்கே வந்து திடீரென்று கரை ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவ மாணவர்கள் 5 பேரைக் கடல் இழுத்துக்கொண்டு போனது இப்படித்தான். எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. 'டி.என். அலர்ட்' செயலியைத் தமிழிலேயே பார்க்கலாம். தினமும் சாயங்காலம் கூடாரம் விரிக்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். கடலில் யாராவது தத்தளித்தாலோ, கரையில் சந்தேகமாக ஏதாவது கண்டாலோ கடலோரக் காவலுக்கு 1093.

விழுந்துவிட்டால்? 108-ஐ அழைக்கும்போது "ஈ.சி.ஆர்.ல எங்கேயோ இருக்கோம்" என்றால் வண்டி தேடித் திரியும். கிலோமீட்டர் கல்லில் உள்ள ஊரையும் எண்ணையும் படித்துச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், வேறு மாநிலத்தவராக இருந்தாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. காப்பீட்டு அட்டையும் தேவையில்லை. வழியில் புதுச்சேரியும் காரைக்காலும் வருமே என்றால், அங்கே 2025 மே முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது: 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. அடிபட்டவர் வேறொருவர் என்றாலும் தயங்காமல் தூக்குங்கள். உதவியவர் பெயர், முகவரி சொல்லியே தீர வேண்டும் என்று போலீஸோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்தச் சட்டம் இடம் தரவில்லை.