பழைய சவர சோப்பு நுரைக்குமா?

கேள்வி: பல வருடங்களுக்கு முந்தைய ஓல்ட் ஸ்பைஸ் மக் சோப்பு ஒன்று பிரிக்காமலே கிடைத்திருக்கிறது. முகத்தில் போடலாமா?

பதில்: போடலாம். முதலில் முகர்ந்து பாருங்கள். சிக்குப் பிடித்த எண்ணெய் வாடையோ ஆரஞ்சுப் புள்ளிகளோ இருந்தால் வேண்டாம். அமெரிக்காவின் ஷுல்டன் கம்பெனி 1938இல் ஆண்களுக்காக இறக்கிய வரிசை ஓல்ட் ஸ்பைஸ். அதன் சவர சோப்பு கப்பல் படம் போட்ட கோப்பையில் வந்தது. அந்தக் காலச் சவர சோப்புகள் பலவும் மாட்டுக் கொழுப்பில் செய்தவை, சைவர்கள் கவனிக்க.

மேற்பரப்பு காய்ந்து வாசம் போயிருக்கும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து முதல் நுரையைக் கொட்டிவிடுங்கள். பிறகு சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்துக் குழைத்தால் கெட்டித் தயிர் பதத்தில் பளபளவென்று திரளும். பிளேடு வழுக்கிப் போக அந்தப் பதம்தான் முக்கியம். குமிழ் குமிழாக வந்தால் தண்ணீர் கூடிவிட்டது. முழங்கையின் உட்புறம் தடவி, ஒரு நாள் பொறுத்து, அரிப்பு இல்லையென்றால் மட்டும் முகத்தில் போடுங்கள்.