காவல் நின்ற வீட்டுக் கணினி

2019-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களோடு நம் நாட்டில் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு முற்றாக நிறுத்தப்பட்டது. பழைய பெட்டிகளில் படம் மறைந்தது. மாற்றுக் கருவியொன்றை வாங்கிப் பொருத்திய பின்னரே செய்தியும் நாடகமும் மீண்டும் தெரிந்தன. மாற்றம் வந்துவிட்டதை எவரும் சொல்லாமலே யாவரும் அறிந்துகொண்டனர். 2025 அக்டோபர் 14-ஆம் நாளும் இத்தகைய நிறுத்தம் ஒன்று நிகழ்ந்தது. ஆனால் அன்று எவர் வீட்டுத் திரையும் இருளவில்லை. வீட்டுக் கணினிகள் பலவற்றை இயக்கிவரும் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு, அதனை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புப் பணி அன்றுடன் முடிவுற்றது. கணினியோ மறுநாளும் முன்போலவே இயங்கிற்று. இடர் அங்கேதான் இருக்கின்றது.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையும் நாம் பயன்படுத்தும் செயலிகளையும் இணைத்து ஆளுகின்ற அடிப்படை மென்பொருள். மனிதர் எழுதிய அதில் குறைகள் இருந்தே தீரும். அவை தெரியவரும்போதெல்லாம் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை ஆக்கி, மாதந்தோறும் இணையத்தின் வழி அனுப்புவது நிறுவனத்தின் வழக்கம். 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்குப் பத்தாண்டுகள் இது நடந்தது. இனிக் கண்டறியப்படும் ஓட்டைகள் திறந்தே கிடக்கும். அதுமட்டுமன்று, புதிய விண்டோஸ் 11-க்கு வெளியாகும் திருத்தங்களை ஆராய்ந்து, அதே ஓட்டை பழையதிலும் உண்டோ என்று திருடர் தேடுவர்.

வெள்ளை வேர் நோயை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று. நோய் பற்றிய ரப்பர் மரத்தில் தொடக்கத்தில் இலை பசுமையாகவே இருக்கும். வெட்டினால் பாலும் வடியும். இலை வெளிறி மஞ்சளாகும் வேளையில் வேர் பெரும்பாலும் கெட்டிருக்கும். வேரோடு வேர் தொட்டு அடுத்த மரத்திற்கும் நோய் சென்றிருக்கும். ஆதலால்தான் மரம் நன்றாக நிற்கும்போதே அடிமண்ணை அகற்றிப் பார்க்கின்றனர், மருந்து ஊற்றுகின்றனர், நோய்ப்பட்ட மரத்தைப் பிரித்துவைக்கக் குழி வெட்டுகின்றனர்.

கணினியிலும் இவ்வாறு பரவிய நோய் ஒன்றை உலகம் கண்டது. 2017 மே திங்களில் வானாகிரை என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகளும் ஒத்திவைக்கப்பட்டன. அந்த ஓட்டைக்குரிய திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது; அதனைப் பொருத்தாத கணினிகளே சிக்கின. 2014-இல் காவல் முடிந்த விண்டோஸ் எக்ஸ்பி-க்கு அத்திருத்தம் அப்போது வழங்கப்படவில்லை. தாக்குதலுக்குப் பின்னரே அதற்கும் விதிவிலக்காக ஒன்று கிடைத்தது.

"எங்கள் வீட்டில் களவுபோக என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பிள்ளைகளின் வீட்டுக் கல்விக்காகப் பழைய கணினிகளை வாங்கிய குடும்பங்கள் பல. பாடத்திற்கென வாங்கிய அதே கணினியில் இன்று வங்கிக் கணக்கும் ஊழியர் சேமநிதிக் கணக்கும் திறக்கப்படுகின்றன. வெயிலிலும் மழையிலும் பால் வெட்டிச் சேர்த்த பணத்திற்குரிய கடவுச்சொல் அதில் தட்டப்படுகின்றது. இழப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

முதலில், கணினியில் எது உள்ளதென்று பார்த்தல் வேண்டும். பற்சக்கரப் படமுள்ள 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்' என்பதைத் திறந்து, அதன் இறுதியிலுள்ள 'அபவுட்' என்பதை அழுத்தினால் இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் தெரியும். பிள்ளைகள் இதனை நொடியில் செய்துவிடுவர். எனினும் பெற்றோரும் அருகிலமர்ந்து காணுதல் நன்று. வங்கிக் கணக்கு அவர்களுடையதன்றோ! எதனையும் மாற்றுமுன் சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் தனிச் சேமிப்பு வட்டொன்றில் படியெடுத்து வைத்தல் கட்டாயம்.

கணினி தகுதியுடையதாயின் விண்டோஸ் 11-க்கு இலவசமாக மாறலாம். 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு ஆகியவற்றுடன் ஏற்கத்தக்க செயலியும் வேண்டும். இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. ஐ5 என்பதை அடுத்து 4570 என்றிருந்தால் அது நான்காம் தலைமுறை, ஆகாது. 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை, ஆகும். 10400 என்றிருந்தால் பத்தாம் தலைமுறை. இந்த எண்ணை மனத்திற்கொண்டு கடைக்குச் செல்லல் வேண்டும். கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவாயினும் கிள்ளான் பட்டணத்துச் சிறு கடையாயினும், பயன்படுத்திய கணினியை மலிவென்று வாங்குமுன் அந்த எண்ணைக் கேட்டறிதல் தகும். தகுதியற்ற கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுதலே நலம்.

தகுதியில்லாக் கணினியை உடனே எறிந்துவிடவும் தேவையில்லை. மைக்ரோசாப்ட், வீட்டுப் பயனீட்டாளர்க்கென 2026 அக்டோபர் 13 வரைக்குமான கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளைக் காப்புப் படியெடுக்க இசைந்தால் கட்டணமில்லை. இல்லையேல் 30 அமெரிக்க டாலர். இதற்கான பதிவு 'விண்டோஸ் அப்டேட்' பகுதியிலேயே அமைந்தது. ஆயினும் இது தவணை நீட்டிப்பே. நிலையான வழியை நாடுவோர், உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களை விலையின்றிப் பெறலாம். பழைய கணினியிலும் அவை நன்கு ஓடும். தொடர்ந்து திருத்தங்களும் வரும். தமிழ்நாட்டரசின் எல்காட் நிறுவனம் 2007-ஆம் ஆண்டளவிலேயே தன் அலுவலகக் கணினிகளை லினக்சுக்கு மாற்றியது. பழக்கத்திற்குச் சில நாள் பிடிக்கும், அவ்வளவே.

இவற்றுள் எதுவும் இயலாதாயின், குழி வெட்டும் முறைதான் மீதம். இணையத்தை முற்றாகத் துண்டித்து, தட்டச்சுப் பயிற்சிக்கும் பாட்டுக் கேட்பதற்கும் மட்டும் அக்கணினியை வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கை அதில் ஒருபோதும் திறத்தலாகாது. நச்சுநிரல் தடுப்பு உள்ளதே என்று வாளாவிருத்தலும் தவறு. விண்டோஸ் 10-இலுள்ள டிபெண்டர் தடுப்புக்கு 2028 அக்டோபர் வரை புதிய தகவல்கள் வருமென்பது மெய்யே. எனினும் அது அறிந்த திருடனை வாயிலில் அடையாளங் காணுமேயன்றிச் சுவரிலுள்ள ஓட்டையை அடைக்காது.

இத்தகைய காலங்களில் ஏமாற்றுவோரும் முளைப்பர். "மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினி காலாவதியாகிவிட்டது" என்று அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிடுக. அந்நிறுவனம் தானாக எவரையும் அவ்வாறு அழைப்பதில்லை. அழைத்தவர் சொற்படி கணினியில் எதனையும் நிறுவுதலும், தொலைவிலிருந்து அதனை இயக்க இசைதலும் கூடா. கணக்கிலிருந்து பணம் சென்றிருந்தால், அக்கணமே வங்கியையோ தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அழைத்தல் வேண்டும். திருடப்பட்ட பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுமுன் தடுத்து நிறுத்துவதற்கென்றே அம்மையம் 2022-இல் அமைக்கப்பட்டது.