பிள்ளையை எழுதிக்கொடுக்க முடியுமா?

கேள்வி: பலாபத்வலயிலிருந்து எழுதுகிறேன். மலையகத் தமிழ்க் குடும்பம். வயது 34. என் கணவர் மாத்தளையில் ஒரு ஹார்ட்வெயர் கடையில் 11 வருடம் வேலை செய்தார். போன வருடம் ஐப்பசியில் கடை மூடி மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது லொறி மோதி இறந்துபோனார். மகளுக்கு 13, மகனுக்கு 8. காரியம் முடிந்த கையோடு, பள்ளிக்கூடம் நல்லது என்று சொல்லி மாமியார் மகனைத் தம்புள்ளையில் கொழுந்தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். இப்போது திருப்பி அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். கணவர் பெயரில் 15 பேர்ச்சஸ் காணியும் பாதி கட்டிய வீடும் உண்டு. வீட்டுக் கடனைக் கொழுந்தன் கட்டுவாராம். பதிலுக்குக் காணியையும் மகனையும் அவர் பொறுப்பில் விட்டு நான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அந்தக் கடிதத்தின் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். தகப்பன் போனால் தகப்பன் வழியார்தான் பிள்ளைக்குப் பொறுப்பு என்று அயலில் எல்லோரும் சொல்கிறார்கள். மறுமணம் செய்தால் மகளும் போய்விடுவாளாம். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் நாள் எண்ணப்படுகிறது. லொறி விபத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். விபத்துக்கு நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட இரண்டு வருடம்தான் அவகாசம். அடுத்த வருடம் ஐப்பசியில் அது முடிகிறது. சாரதிக்கு நீதவான் நீதிமன்றத்தில் தண்டம் விதித்துவிட்டார்களே என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அந்தத் தண்டப் பணம் அரசாங்கத்துக்குப் போவது, உங்களுக்கு வருவதல்ல. வீட்டைத் தாங்கியவரை இழந்ததற்கான நட்டஈட்டை நீங்களும் பிள்ளைகளும் தனியாகத்தான் கேட்க வேண்டும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த லொறியும் வீதிக்கு வரக்கூடாது என்பதால், பணம் கொடுக்க ஒரு காப்புறுதிக் கம்பனி இருக்கும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, லொறியின் இலக்கம், காப்புறுதி விபரம், மரணச் சான்றிதழ் ஆகியவற்றை இந்த வாரமே எடுத்துவையுங்கள். கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்துக்குள் 2022இல் கொண்டுவந்தார்கள். ஆகவே முதலாளியிடமும் கேட்க வழி இருக்கிறது.

இனி அயலார் சொன்னது. உங்கள் அயலார் பொய் சொல்லவில்லை, தங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொல்கிறார்கள். பலாபத்வல போன்ற ஊரில் ஒரே ஒழுங்கையில் மூன்று சட்டம் குடியிருக்கும். கண்டியச் சிங்களக் குடும்பத்துக்கு 1938ஆம் ஆண்டின் கண்டியச் சட்டம். அதில் கணவர் தேடிய சொத்தில் மனைவிக்குப் பொதுவாக ஆயுள்கால அனுபோகம்தான். முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, பிள்ளையின் சொத்துக்குத் தகப்பனுக்கு அடுத்த பொறுப்பாளி தகப்பனின் தகப்பன். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் யாராவது தேசவழமை என்று ஆரம்பித்தால் அதுவும் உங்களுக்கு ஆகாது, அது வடமாகாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழருக்கானது. மலையகத் தமிழரான உங்களுக்கு நாட்டின் பொதுச் சட்டம்தான்.

அந்தப் பொதுச் சட்டத்தில் தகப்பன் இறந்தால் தாய்தான் பிள்ளைகளின் இயற்கைப் பாதுகாவலர். யாரும் உங்களை நியமிக்க வேண்டியதில்லை, நீங்கள் ஏற்கெனவே அந்த இடத்தில் இருக்கிறீர்கள். மாமியாருக்கும் கொழுந்தனுக்கும் பாசம் இருக்கலாம், உரிமை இல்லை.

நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் பார்த்தேன். தட்டச்சில் ஆறு வரி, மேலே ஒரு முத்திரை, கீழே சமாதான நீதவானுக்கு இடம் விட்டிருக்கிறது. மகன் பிறந்த வருடமே பிழை. ‘சகல உரிமைகளையும் முழுமனதோடு பாரங்கொடுக்கிறேன்’ என்று ஒரு வரி. காணி உறுதியில் வரும் வாசகம் அது, பிள்ளையைப் பற்றிய கடதாசியில் வந்திருக்கிறது. பிள்ளையை இப்படிக் கடதாசியில் பாரங்கொடுக்க இந்த நாட்டில் முடியாது. தத்தெடுப்பதென்றால் 1941ஆம் ஆண்டின் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும், உங்கள் சம்மதம் வேண்டும். அது பயனற்ற கடதாசிதானே என்று கையெழுத்து வைத்துவிடாதீர்கள். நாளைக்கு ஒரு நீதிபதியின் முன்னால், ‘தாயே விட்டுப்போனாள், இதோ ஆதாரம்’ என்று நீட்டுவதற்கு அது உதவும்.

மகனை எப்படித் திருப்பி எடுப்பது? முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். நன்னடத்தை அதிகாரியும் சிறுவர் உரிமை மேம்பாட்டு அதிகாரியும் அங்கே இருக்கிறார்கள். இரு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசி முடித்த விடயங்கள் நிறைய. மாமியார் ஒரு மகனை இழந்தவர் என்பதை அந்த மேசையில் மறந்துவிடாதீர்கள். விடுமுறைக்குப் பேரன் வருவான் என்று நீங்கள் சொன்னாலே பாதிப் பிடிவாதம் இளகும். பேச்சில் சரிவராவிட்டால் ஆட்கொணர் மனு இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். காணாமல் போனவருக்கும் தடுப்புக் காவலுக்கும் மட்டும் உரியதல்ல அது, பிள்ளையின் பாதுகாப்பு யாரிடம் என்று கேட்டும் மாகாண மேல் நீதிமன்றத்துக்கோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம். நீதிபதி பார்ப்பது பிள்ளையின் நலனை. பையனைக் கூப்பிட்டும் பேசுவார். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: மாதங்கள் போகப் போக, ‘இங்கே பழகிவிட்டான், பள்ளிக்கூடத்தைக் குழப்பக்கூடாது’ என்ற வாதத்துக்குப் பலம் கூடும். மகன் வீடு திரும்பும்வரை வாரம் தவறாமல் தம்புள்ளைக்குப் போய் அவனைப் பாருங்கள். பஸ் டிக்கெட்டுகளைக்கூட எறியாதீர்கள்.

காணி விடயம். கணவர் மரணசாசனம் எழுதாமல் இறந்திருந்தால் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உங்களுக்குப் பாதி, மிச்சப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. அதாவது மகளுக்குக் கால், மகனுக்குக் கால். பிள்ளைகள் இருக்கும்போது கணவரின் தாய்க்கோ சகோதரனுக்கோ ஒரு பேர்ச்சஸ் கூட வராது. இங்கே உங்களுக்குக் கசப்பான ஒரு செய்தியும் இருக்கிறது. கொழுந்தனைத் தடுக்கும் அதே சட்டம் உங்களையும் தடுக்கும். பிள்ளைகளின் ஏழரைப் பேர்ச்சஸை நீங்களும் விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, அவர்களுக்கு 18 ஆகும்வரை. அவசியம் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். எதற்காக விற்கிறீர்கள், என்ன விலை, பணம் யார் பெயரில் போகும் என்று கேட்பார்கள். பிள்ளையின் பங்கைப் பெரும்பாலும் வங்கியில் அவர்கள் பெயரில் வைப்பிலிடச் சொல்வார்கள்.

பல வருடத்துக்கு முன் ஒரு வழக்கு என்னிடம் வந்தது. 19 வயதுப் பெண்பிள்ளை, கையில் பழைய உறுதியின் பிரதி. தகப்பன் செத்த வருடமே தாய் முழுக் காணியையும் அனுமதி இல்லாமல் விற்றிருந்தார். காணியை வாங்கியவர் அதில் வீடு கட்டிக் குடியிருந்தார். தாய் விற்றது பிள்ளைகளுக்குச் சோறு போடத்தான். ஆனாலும் வழக்கு நடந்தது, தாய் சாட்சிக் கூண்டில், மகள் எதிர்ப்பக்கம்.

வீட்டுக் கடனைப் பற்றி வங்கியில் ஒன்று கேளுங்கள்: கடனோடு சேர்த்து ஆயுள் காப்புறுதி எடுத்திருந்தாரா? வீட்டுக் கடன்களில் அது வழக்கம். எடுத்திருந்தால் கடனைக் காப்புறுதியே கட்டிவிடும், கொழுந்தனின் உபகாரமே தேவைப்படாது.

கணவரின் ஈ.பி.எஃப்., ஈ.ரி.எஃப். பணமும் இருக்கிறது. ஈ.பி.எஃப்.க்குச் சம்பளத்தில் அவர் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12. ஈ.ரி.எஃப்.க்கு முதலாளி 3. கடைக்காரர் ஒழுங்காகக் கட்டினாரா என்று மாத்தளைத் தொழில் அலுவலகத்தில் பாருங்கள். பணம் பெற வேண்டியவராக யார் பெயரைக் குறித்திருந்தார் என்பதையும் கேளுங்கள். கலியாணத்துக்கு முன் தாயின் பெயரைப் போட்டு, பிறகு மாற்ற மறந்தவர்கள் ஏராளம். கடையில் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால் பணிக்கொடையும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 11 வருடத்துக்கு ஐந்தரை மாதச் சம்பளம். இறந்தவரின் வாரிசுகளுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக மறுமணம். மறுமணம் செய்த தாயிடமிருந்து பிள்ளை போய்விடும் என்று பொதுச் சட்டத்தில் எங்கும் இல்லை. புதிய வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து என்று யாராவது நிரூபித்தால் அது வேறு கதை. வெறும் தாலி காரணமாகாது. உங்களுக்கு 34 வயதுதான். அந்த முடிவை யாருடைய மிரட்டலுக்கும் பயந்து எடுக்கவும் வேண்டாம், யாருக்கும் சவாலாக எடுக்கவும் வேண்டாம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மாத்தளை நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டால் வழி காட்டுவார்கள். போகும்போது காணி உறுதி, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ் எல்லாவற்றின் மூலப் பிரதிகளையும் ஒரே கோப்பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மகனின் பிறப்புச் சான்றிதழ் தம்புள்ளையில் இருந்தால் அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். பிரதேச செயலகத்தில் சிறு கட்டணத்துக்கு இன்னொரு பிரதி எடுக்கலாம்.